அகதி வீட்டுப் பிள்ளைகளும் ஊர்த் தலைமையும்

களனி கங்கையைத் தாண்டி வடக்கே வந்தால் வத்தளை. அதன் கடற்கரைப் பக்கத்தில் இருக்கிறது ஹெந்தளை. கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் வாடகை கட்டி முடியாமல் ஆற்றைக் கடந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே ஏராளம். 83இல் எரிந்த வீட்டுக்குத் திரும்ப மனமில்லாமல் வந்தவர்கள் உண்டு. வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பிள்ளையின் வெளிநாட்டுப் பயணத்துக்காகச் சில மாதம் தங்க வந்து, அப்படியே ஊன்றிவிட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு நடுவே சிங்களக் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். ஊரார் ஒதுக்கிவைத்த தொழுநோயாளருக்கென்று 1708இல் ஒல்லாந்தர் அமைத்த வைத்தியசாலையும் இந்த ஊரில்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு கேள்வி இயல்பாகவே எழுகிறது. ஓடிவந்த குடும்பத்தில் பிறந்த ஒருவர் பிரதேச சபை உறுப்பினராகவோ, கோயில் பரிபாலன சபைத் தலைவராகவோ, பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளராகவோ வந்தால், குடும்பம் பட்ட துன்பம் அவரை மற்றவர் துன்பம் அறிந்தவராக ஆக்குமா? ஆக்கும் என்றுதான் பொதுவாக நம்புகிறோம். தேர்தல் மேடைகளில் வேட்பாளர்கள் தம் குடும்பத்து இடம்பெயர்வைச் சொல்வதும் அந்த நம்பிக்கையில்தான். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை நம் நாட்டு அனுபவத்தையும் உலக அனுபவத்தையும் வைத்து இங்கே பார்க்கலாம்.

வீட்டுக்குள் இருக்கும் வரலாறு

இலங்கைத் தமிழ்க் குடும்பங்களில் இடம்பெயர்வு ஒரே நாளில் நடந்து முடிந்ததல்ல. 1958 கலவரத்தில் கொழும்பு றோயல் கல்லூரி அகதி முகாமாயிற்று. ஆயிரக்கணக்கானோர் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார்கள். 1977இல் மலையகத் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். 1983 ஜூலையில் இரத்மலானை விமான நிலையமும் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் நிரம்பி வழிந்தன. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள்; ஏறத்தாழ 75,000 பேர் புத்தளம் முதலிய இடங்களில் ஓலைக் கொட்டில்களில் வாழ்ந்தார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதுமே மழையில் நடந்து தென்மராட்சிக்குப் போயிற்று. 2009இல் வன்னியின் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டார்கள்.

கொழும்புத் தமிழருக்கு 2007 ஜூன் 7 தனியாக நினைவிருக்கும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 பேரை விடியற்காலையில் எழுப்பி, பஸ்களில் ஏற்றி, வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தொடர்ந்த வழக்கில் உயர் நீதிமன்றம் மறுநாளே இடைக்காலத் தடை விதித்தது. சில நாளில் பிரதமர் ரட்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். சொந்த நாட்டுத் தலைநகரில், வாடகை கட்டித் தங்கியிருந்தவர்கள் ஒரே காலையில் அகதிகளான கதை அது.

இந்த வரலாறு வீடுகளில் எப்படிக் கைமாறுகிறது என்பதை ஒரு பொருளை வைத்தே காட்டலாம். ஓடிவந்த வீடுகள் பலவற்றில் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பை இருக்கும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, காணி உறுதி, கலியாணப் பதிவு, பிள்ளைகளின் ஓ.எல். பெறுபேறு, யுத்த காலத்தில் பொலிஸில் ஆள்பதிவு செய்த துண்டு, எல்லாம் பொலித்தீனில் சுற்றி அதற்குள் இருக்கும். அந்தப் பையை எடுக்க எத்தனை விநாடி வேண்டும் என்பது வீட்டுக்காரிக்குத் தெரியும். அதிலுள்ள ஒரு கடதாசி குறைந்தால் எத்தனை கந்தோர் ஏறவேண்டும் என்பதும் தெரியும். பிள்ளைகள் கலவரக் கதையைக் கேட்காவிட்டாலும் அந்தப் பையைப் பார்த்தே வளர்கிறார்கள்.

ஆம் என்பதற்கான சான்றுகள்

துன்பப்பட்ட குடும்பம் துன்பம் துடைக்கும் தலைமையைத் தரும் என்பதற்கு நம்மிடையே தெளிவான உதாரணம் சா.செ. சந்திரஹாசன். தந்தை செல்வநாயகத்தின் மகன். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்து, அதன் வழியே சொந்தக் கட்சியை விட்டே வெளியேறி, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர் தந்தை. சட்டத்தரணியான மகன் 83 கலவரத்துக்குப் பின் தமிழ்நாட்டில் அகதியானார். 1984இல் சென்னையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை உருவாக்கினார். 1985 ஓகஸ்டில் இந்திய அரசு அவரையே நாடுகடத்த முயன்று பிறகு கைவிட்டது.

அந்த அமைப்பு நடந்த முறைதான் இங்கே முக்கியம். வெளியார் கொடுக்க அகதி வாங்குவது என்ற வழக்கத்தை விட்டு, முகாம்களில் இருந்த இளைஞரையும் பெண்களையும் ஆசிரியராகவும் சுகாதாரத் தொண்டராகவும் பயிற்றினார்கள். முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புப் பதிவும் இலங்கைக் குடியுரிமை ஆவணமும் கிடைக்க உழைத்தார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, தாமே முகாமில் இருந்தவர்கள் தமிழகக் கரையோர மக்களுக்கு ஆறுதல் சொல்லப் போனார்கள். ஒரு கடதாசி இல்லாத பிள்ளையின் எதிர்காலம் என்னவாகும் என்பதை அனுபவித்தவர்கள் நடத்திய வேலை அது.

புலம்பெயர்ந்த நாடுகளில் உள்ளூராட்சியே நம் பிள்ளைகளின் முதற்படியாக இருந்திருக்கிறது. லோகன் கணபதி 2006இல் கனடாவின் மார்க்கம் நகரசபைக்குத் தெரிவானார். யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் நோர்வே போன கம்சாயினி குணரத்தினம் 19 வயதில் ஒஸ்லோ மாநகர சபைக்குப் போனார். 2011 ஜூலை 22 உட்டோயா தீவுப் படுகொலையில் நீந்தித் தப்பினார். 2015 முதல் 2021 வரை அந்நகரின் பிரதி மேயராக இருந்தார். பெற்றோர் ஒரு வன்முறைக்குத் தப்பி வந்த நாட்டில் மகள் இன்னொரு வன்முறையை நேரில் கண்டும் பொதுவாழ்வை விட்டு விலகவில்லை. நம்மவர் மட்டுமல்ல; அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், லைபீரிய யுத்தத்துக்குத் தப்பி வந்த வில்மொட் கொலின்ஸ் 2017இல் ஹெலினா நகரின் மேயராகத் தெரிவானார். தன்னைப் போன்றோர் மிகக் குறைவான நகரத்தில், ஊரின் பொதுத் தேவைகளைப் பேசி வென்றவர் அவர்.

யாழ்ப்பாணத்தின் சரோஜினி யோகேஸ்வரனையும் இந்த வரிசையில் சொல்லவேண்டும். கணவர் வெ. யோகேஸ்வரன் 1989இல் கொழும்பில் தமிழ் அரசியல் தலைவர் அமிர்தலிங்கத்துடன் கொல்லப்பட்டார். ஒரு பெருநகரமே ஓடிப்போய்த் திரும்பிக்கொண்டிருந்த வேளையில், 1998 ஜனவரித் தேர்தலுக்குப் பின் சரோஜினி யாழ் மாநகர முதல்வரானார். பாதுகாப்புக்கென்று ஊரை விட்டுப் போயிருக்கலாம்; போகவில்லை. அவ்வருடம் மே 17ஆம் திகதி வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். திரும்பி வரும் மக்களுக்குத் தண்ணீரும் தெருவும் வேண்டும், அதற்கொரு சபை வேண்டும் என்று நம்பியவர்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை உள்ளூராட்சியை அற்பமாகப் பேசுவோர் நினைவில் வைக்கவேண்டும்.

தலைவர்களை விடுத்து மக்களைப் பார்த்தாலும் சான்று உண்டு. 2024 டிசம்பரில் றோகிஞ்யா அகதிகள் நூற்றுக்கு மேற்பட்டோரோடு ஒரு படகு முள்ளிவாய்க்கால் கடலில் தத்தளித்தது. முதலில் கண்டவர்கள் மீனவர்கள். கரையிலிருந்த சனம் உணவும் தண்ணீரும் கொண்டு போயிற்று. பிறகு அவர்களைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று முல்லைத்தீவில் ஆர்ப்பாட்டமும் நடந்தது. 2009இல் கஞ்சிக்கு வரிசையில் நின்ற கரை அது.

இல்லை என்பதற்கான சான்றுகள்

மறுபக்கத்தை மறைத்தால் இது ஆய்வாகாது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் இருந்த பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகள் விரட்டப்பட்டார்கள். ஹெந்தளையிலிருந்து அதே கரையோடு வடக்கே போனால் வரும் ஊர்தான் நீர்கொழும்பு. அவர்களில் ஒரு பகுதியினரை வவுனியா பூந்தோட்டத்துக்குக் கொண்டுபோனபோது அங்கேயும் எதிர்ப்புக் கிளம்பியது. பூந்தோட்டம் எத்தனையோ வருடம் நம்முடைய இடம்பெயர்ந்தோருக்கு முகாமாக இருந்த இடம். ஒரே மண், ஒரே வகை வரலாறு; முள்ளிவாய்க்காலில் கை நீண்டது, பூந்தோட்டத்தில் கதவைச் சாத்தச் சொன்னார்கள்.

1990 வெளியேற்றம் இதைவிடக் கசப்பான பாடம். 58இலும் 77இலும் 83இலும் விரட்டப்பட்ட ஒரு சமூகத்தின் பெயரால் இயங்கியவர்கள், தம் அயலவரைச் சில மணி நேர அவகாசத்தில் விரட்டினார்கள். துன்பத்தின் நினைவு அவர்களைத் தடுக்கவில்லை. நாம் பட்டதற்குப் பிறகு எதைச் செய்தாலும் தகும் என்ற நியாயத்துக்கே அந்த நினைவு பயன்பட்டது. யாழ்ப்பாணத்தின் சோனகத் தெருவுக்கு முஸ்லிம்கள் திரும்பி வந்தபோது, வரவேற்றவர்களைவிடப் பேசாமல் இருந்தவர்களே அதிகம்.

அந்த வெளியேற்றத்தில் மன்னாரிலிருந்து வந்த ரிஷாத் பதியுதீன் 2007இல் மீள்குடியேற்ற அமைச்சரானார். மெனிக் பாம் திறக்கப்பட்டபோது அந்த அமைச்சு அவர் கையில்தான் இருந்தது. அந்த முகாமின் வேலியைத் தீர்மானித்தது பாதுகாப்புத் தரப்பு என்பதும் உண்மை. தன் சமூகத்தின் மீள்குடியேற்றத்துக்கு அவர் குரல் கொடுத்ததும் உண்மை. ஆனால் அகதியாக இருந்த ஒருவர் அகதிகளுக்கான அமைச்சராக இருந்த காலத்திலேயே மக்கள் மாதக்கணக்கில் முட்கம்பிக்குள் இருந்தார்கள். ஆசனத்தில் அமர்பவரின் குடும்ப வரலாறு மட்டும் அரச இயந்திரத்தைத் திருப்பிவிடாது.

பிரிட்டனிலும் இதையே கண்டோம். கிழக்காபிரிக்காவிலிருந்து குடிபெயர்ந்த குஜராத்திக் குடும்பத்தின் மகள் பிரீத்தி பட்டேல் உள்துறை அமைச்சராக இருந்தபோதுதான், 2022 ஏப்ரலில், புகலிடம் கேட்போரை ருவாண்டாவுக்கு அனுப்பும் ஒப்பந்தம் வந்தது. முறையாக வந்து உழைத்து முன்னேறிய குடும்பம் என்ற பெருமை, பிறகு வருவோரைப் பார்த்து, நீங்கள் எங்களைப் போன்றவர்கள் இல்லை என்று சொல்லவைக்கும். ஹெந்தளையிலும் அதன் சாயல் உண்டு. முப்பது வருடத்துக்கு முன் வந்தவர்கள், மலையகத்திலிருந்து வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் இப்போது வருபவர்களைத் தள்ளிவைத்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், யுத்தம் தனி மனங்களைப் போலவே ஒரு சமூகத்தின் நம்பிக்கைகளையும் உறவுகளையும் காயப்படுத்துகிறது என்று பல ஆண்டு ஆய்வில் காட்டியிருக்கிறார். சந்தேகம், மௌனம், பிறரை எதிர்பார்த்திருத்தல், யாரோடும் ஒட்டாமை ஆகியவை அந்தக் காயத்தின் தழும்புகள். அப்படிக் காயப்பட்ட வீட்டிலிருந்து இரக்கமுள்ள தலைவர் வருவார் என்று எதிர்பார்க்கும் நாம், அந்த வீட்டில் யாரும் வாய் திறந்து பேசினார்களா என்று முதலில் கேட்கவேண்டும்.

அகதி வரலாறு இல்லாமலே வந்த இரக்கம்

இரக்கத்துக்கு அகதிப் பூர்வீகம் கட்டாயமும் இல்லை. கட்டடக் கலைஞரான எஸ்.ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் காந்தியம் இயக்கத்தைத் தொடங்கி, 1977இல் விரட்டப்பட்ட மலையக மக்களை வவுனியாப் பகுதியில் குடியேற்றி, பாலர் பாடசாலைகளும் பண்ணைகளும் அமைத்தார்கள். இருவரும் அந்தத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் இல்லை. 1983 ஏப்ரலில் கைதானார்கள். இராஜசுந்தரம் ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார்.

1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி நியூஃபவுண்ட்லாந்துக் கடலில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைக் கரைசேர்த்த மீனவர் கஸ் டால்டனுக்கும் அப்படித்தான். ஈழம் எங்கே என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. கடலில் தவிப்பவனை ஏற்றவேண்டும் என்பது அவர் தொழிலின் தர்மம். 83இல் கொழும்பில் தமிழரைத் தம் வீட்டு அறைகளில் ஒளித்துவைத்த சிங்கள அயலவரும் இந்த வகையினரே. ஆகவே அகதிக் குடும்பத்துப் பிள்ளைக்கு மட்டுமே இரக்கம் தெரியும் என்று சொல்வது தவறு, நன்றிகெட்டதனமும்கூட.

எது மாற்றுகிறது?

ஒரே வரலாறு ஓரிடத்தில் கையை நீட்டவும் இன்னோரிடத்தில் கதவைச் சாத்தவும் காரணமாகிறது என்றால், இடையில் வேறு ஏதோ வேலை செய்கிறது. எர்வின் ஸ்டோப், ஜொஹானா வொல்ஹார்ட் என்ற இரு உளவியலாளர்கள் 2008இல் இதைப் பற்றி எழுதினார்கள். துன்பப்பட்டவர் பிறருக்கு உதவுபவராக மாறுவதற்குச் சில நிலைமைகள் துணைசெய்கின்றன என்பது அவர்கள் முடிவு: காயம் ஆற வழி கிடைத்திருக்கவேண்டும், துன்ப நேரத்தில் யாராவது உதவியிருக்கவேண்டும், தாமும் அப்போது கைகட்டி நிற்காமல் ஏதாவது செய்திருக்கவேண்டும். ஸ்டோப் தானே ஹங்கேரியில் நாஸிப் படுகொலைக்குத் தப்பிய யூதச் சிறுவர்.

இரண்டாவது ஆய்வு கிரேக்கத்தில் நடந்தது. 1923இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொண்டபோது, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கிரேக்கர்கள் அனத்தோலியாவை விட்டு அகதிகளாக வந்தார்கள். எலியாஸ் டினாஸும் சக ஆய்வாளரும் அவர்களுடைய வழித்தோன்றல்களிடம் இன்றைய சிரிய அகதிகளைப் பற்றிக் கேட்டார்கள். உங்கள் பாட்டன் பட்டதும் இவர்கள் படுவதும் ஒன்றுபோல இருக்கிறது என்று எடுத்துக்காட்டியபோது, அந்த வழித்தோன்றல்களின் அனுதாபமும் அவர்கள் கொடுக்க முன்வந்த பணமும் கணிசமாகக் கூடின. குடும்ப நினைவு உள்ளே இருக்கிறது. அதை இன்னொருவன் நிலையோடு சேர்த்துப் பார்க்கச் செய்பவர் ஒருவர் வேண்டியிருக்கிறது.

இந்த இரண்டையும் நம் அனுபவத்தோடு வைத்துப் பார்த்தால் ஒன்று துலங்குகிறது. வீட்டில் கதையை எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. அடித்தவனை மட்டும் சொல்லி வளர்த்தால் பிள்ளைக்குப் பகை தெரியும், இரக்கம் தெரியாது. கதவைத் திறந்துவிட்ட அயல்வீட்டு மாமியையும் சொல்லவேண்டும். கப்பலில் வந்திறங்கியபோது சோற்றுப் பார்சலோடு நின்ற முன்பின் தெரியாத ஊராரையும், 1990இல் நம்மவர் செய்ததையும் சொல்லவேண்டும். அப்படிக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அகதி என்பது தன் இனத்தின் பட்டம் இல்லை, எவருக்கும் நேரக்கூடிய நிலை என்று விளங்கும். முள்ளிவாய்க்கால் கரையில் நின்ற சனத்துக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பட்டதை இன்னும் மறக்காதவர்கள் அவர்கள். ஆனால் பேரப்பிள்ளைகளின் காலத்தில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சபையில் அது எப்படித் தெரியும்?

பிரதேச சபையின் அதிகாரம் தெரு, வடிகான், குப்பை, சந்தை, நூலகம், மயானம் என்ற அளவில்தான். அகதிப் பிரச்சினையை அது தீர்க்க முடியாது. ஆனால் இரக்கம் சோதிக்கப்படுவது இந்தச் சிறிய விடயங்களில்தான்.

முதலாம் வகுப்பு அனுமதியை எடுத்துக்கொள்ளுங்கள். பாடசாலைக்கு அண்மையில் வசிப்போர் என்ற பிரிவில் புள்ளி கிடைக்க, தொடர்ந்து பல வருட வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர் அந்த விலாசத்தில் இருக்கவேண்டும். வீட்டுறுதியோ பதிவுசெய்த வாடகை ஒப்பந்தமோ வேண்டும். அடிக்கடி வீடு மாறிய குடும்பத்துக்கு அங்கேயே புள்ளி போய்விடும். வாடகைக்கு இருப்பவர் பெயரை இடாப்பில் போடவிடாத வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். பிறப்புப் பதிவு தொலைந்தவர் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு அலைகிறார். சிங்களத்தில் மட்டும் அச்சிட்ட படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிராம சேவகர் கந்தோர் வாசலில் ஒரு தாய், நிரப்பித் தரக்கூடியவர் யாராவது வருகிறாரா என்று பார்த்து நிற்கிறாள். அலுமாரிப் பையைப் பார்த்து வளர்ந்த ஒரு சபை உறுப்பினர் அந்தத் தாயைக் கண்டால், அவளுக்கு என்ன தேவை என்று விசாரிக்க வேண்டியதில்லை. இடாப்புத் திருத்தும் காலத்தில் வாடகை வீடுகளுக்குப் போய்ப் பெயர் சேர்க்க வைப்பதும், நூலகத்தில் வாரம் ஒருநாள் படிவம் நிரப்ப ஆளிருத்துவதும், சபையின் அறிவித்தல்கள் இரு மொழியிலும் வரவைப்பதும் பெரிய செலவில்லாத வேலைகள். 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம் தந்த மொழி உரிமையைக் கடதாசியிலிருந்து வாசலுக்குக் கொண்டுவருவதும் இதுவே.

வெள்ளம் இன்னொரு சோதனை. களனி பெருகும்போதெல்லாம் ஆற்றங்கரைத் தாழ்நிலங்களில் இருப்போர் பாடசாலைகளிலும் விகாரைகளிலும் தேவாலயங்களிலும் தங்குகிறார்கள். 2016 மே வெள்ளத்தில் கொழும்பு, கம்பஹா மாவட்டங்கள் அதைப் பெருமளவில் கண்டன. முகாமில் வாழ்ந்த தாய்மார் சொல்லும் முறைப்பாடுகள் எப்போதும் ஒன்றுதான்: கழிப்பறை தூரம், உடுப்பு மாற்ற மறைவில்லை, மாதவிடாய்த் துணி இல்லை, குழந்தைக்குச் சுடுதண்ணீர் இல்லை. இவற்றை முன்கூட்டியே பட்டியலிட்டு வைத்திருக்கும் உறுப்பினர், தன் வீட்டுப் பெண்கள் பட்டதை ஊர்ப் பெண்கள் படாமல் தடுக்கிறார். அந்த ஊர்ப் பெண்களில் பெரும்பாலோர் சிங்களவராகவும் இருக்கலாம். அகதி வீட்டுத் தலைமையின் உரைகல் அங்கேதான் இருக்கிறது. தன்னவரல்லாத ஒருவருக்கு அந்தப் பழைய அனுபவத்தைப் பயன்படுத்துகிறாரா என்பதைப் பார்த்தால் போதும்.

முடிவாக

குடும்பத்தின் அகதி வரலாறு ஒருவரை நல்ல தலைவராக்கும் என்று உத்தரவாதம் தர முடியாது. ஆனால் அது கிடைத்தற்கரிய அறிவைத் தருகிறது: அதிகாரம் கீழிருந்து பார்க்க எப்படி இருக்கும், ஒரு கடதாசி எவ்வளவு கனக்கும், ஒரு அயலவர் எத்தனை உயிரைக் காப்பார் என்ற அறிவு. வீட்டில் முழுக்கதையும் சொல்லப்பட்டு, அடுத்தவர் துன்பத்தோடு அது ஒப்புநோக்கப்பட்டு, சபையின் அன்றாட வேலையாக மாறினால் மட்டுமே அந்த அறிவு இரக்கமாகிறது. சந்திரஹாசனின் கழகம் அதைச் செய்து காட்டியது. மெனிக் பாம், செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்று காட்டியது.

ஆகவே வாக்குக் கேட்டு வரும் வேட்பாளர், நாங்களும் அகதியாக ஓடியவர்கள்தான் என்று சொன்னால், அதோடு விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு அன்று யார் உதவினார்கள், இந்த ஊரில் இன்று அந்த நிலையில் இருப்பவர் யார், அவருக்காகச் சபையில் எந்தப் பிரேரணையைக் கொண்டுவரப் போகிறீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வைத்திருப்பவருக்கு, அவர் எந்த இனத்தவராக இருந்தாலும், வாக்களியுங்கள். வீட்டில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது, நமக்குக் கதவைத் திறந்தவர்களின் பெயரையும் நாம் சாத்திய கதவுகளையும் விடாமல் சொல்லுங்கள். நாளைய ஹெந்தளையின் தலைமை அந்தக் கதைகளைக் கேட்டுத்தான் வளர்கிறது.